புள்ளி இல்லாத வில்வம்

புள்ளிநோய் கண்ட இலைகளைக் காகித உறைகளில் போட்டு வருஷக்கணக்காகப் பத்திரப்படுத்தும் ஓர் அறையில்தான் எனக்கு முதல் வேலை. கல்லூரியில் அதற்கு ஹெர்பேரியம் என்று பெயர். எங்கள் வீட்டில் அது சருகு ஆபீஸ். அந்தக் கேலியை ஆரம்பித்தவர் அண்ணி. வாசலில் கூட்டித் தள்ளுவதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்குச் சம்பளமா என்று கேட்பார். உள்ளே இருப்பதெல்லாம் நோய் இலைகள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் பழைய உறை ஒன்றில் எங்கள் ஊரான உத்திரமேரூரின் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ பறித்த வில்வ இலை. இலையெல்லாம் சாம்பல் நிற வட்டப் புள்ளிகள். பூஞ்சையின் பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. பூஞ்சையின் வித்துகள் உதிர்ந்துபோனதால் அந்த இலையை வைத்து இனி ஒன்றும் சொல்ல முடியாது, அதே புள்ளியோடு புது இலை கிடைத்தால் பெயர் கண்டுபிடிக்கலாம் என்றார் பேராசிரியர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் ஏரிக்கரை வில்வ மரத்தில் அந்தப் புள்ளியைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

அந்த வாரமே ஊருக்குப் போய்ப் பறித்தேன். செய்தித்தாளுக்கு நடுவே பரப்பி, மேலே அம்மிக்கல்லை ஏற்றினேன். காய்கிறவரை தினமும் தாள் மாற்ற வேண்டும். எனக்கு லீவு இல்லை. அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். கேலி செய்த அதே அண்ணி ஒருநாள் தவறாமல் தாள் மாற்றி, நூல் போட்டுக் கட்டி, சென்னைக்கு வந்த அண்ணனிடம் கொடுத்தனுப்பினார்.

பேராசிரியர் முன்னால் கட்டைப் பிரித்தேன். எல்லாம் பளிச்சென்ற முழு இலைகள். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் புள்ளி விழுந்த வில்வத்தை அர்ச்சனைக்குக் கொடுக்க மாட்டார்கள். பட்டணத்தில் படித்தவர்கள் பார்க்கப்போகிற இலை, கொழுந்தன் அவசரத்தில் கண்டதையும் பறித்து வைத்துவிட்டான் என்று அண்ணி நினைத்திருக்கிறார். அவற்றை எறிந்துவிட்டு, அதே மரத்தில் நல்லதாகப் பார்த்துப் பறித்து வைத்திருக்கிறார்.

ஊரில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள மளிகைக் கடைக்குப் போன் போட்டால் அண்ணியைக் கூப்பிடுவார்கள். கடையில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அண்ணியோ, தான் காயவைத்த இலை மெட்ராஸ் காலேஜில் இருப்பதாக அவர்களிடம்தான் பெருமை பேசிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் நானே போய்ப் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் போவதற்குள் ஐப்பசி மழையில் கரை சரிந்து மரம் விழுந்துவிட்டது. கட்டையைக் கோயில் ஹோமத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மானாம்பதி, மாகறல் என்று பக்கத்து ஊர்களில் அலைந்தேன். வில்வம் இருந்தது, அந்தப் புள்ளி இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன். அப்போதும் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து, கண் காட்ட சென்னைக்கு வந்த அண்ணி தன் இலையைப் பார்த்தே தீருவேன் என்றார். அதற்கும் ஓர் உறை போட்டு வைத்திருந்தேன். எடுக்கும்போது பக்கத்தில் இருந்த பழைய உறையும் கூடவே வந்தது. அண்ணி இரண்டையும் பிரித்து, மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் புள்ளிதான் வோணுமா உனுக்கு?"

தலையாட்டினேன். மரம் விழுவதற்கு முன்பே இது தெரியுமா என்று கேட்டார். தெரியும், கடையில் நாலு பேர் இருப்பார்களே என்றுதான் போன் பண்ணவில்லை என்றேன்.

"நாலு பேர் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க நைனா. அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? மரம் நின்னுக்கினுதானே இருந்திச்சி. ஒரு கூடை பறிச்சி அனுப்பியிருப்பேனே."

இரண்டு உறைகளையும் அவரே மடித்துக் கொடுத்தார். பழைய உறையில் அந்தக் கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு அண்ணி ஒருநாளும் சருகு ஆபீஸ் என்று சொன்னதில்லை.