அப்பா பெயரில் ஒரு மாணவன்

எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்தை வைப்பது, எதைத் தூக்குவது என்று இப்போது கணினிதான் சொல்கிறது. மாணவர்கள் இணையத்தில் எதைத் திறந்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் அது கணக்கெடுத்து வைத்திருக்கும். மறுஆய்வுக் குழுவில் என்னையும் போட்டுத் தொலைத்திருந்தார்கள். மேடைப் பேச்சு என்றொரு பாடம். யாரும் சீண்டுவதில்லை. எங்களுக்கு வரும் அறிக்கைத் திரையில் ஒரே ஒரு பையன் பெயர் மட்டும் தெரிந்தது. தினமும் நுழைந்து, ஒரே காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்படைப்பு ஒன்றும் அனுப்பவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அலுவலகத்தில் அவன் எண்ணை வாங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டிலிருந்தே அழைத்தேன்.

"என்ன தம்பி, ஒரே வீடியோவ எத்தன தடவ பாப்ப? அசைன்மென்ட்ட யாரு, உங்கப்பாவா வந்து செய்வாரு?"

பதில் சொன்னது பையன் குரல் இல்லை, வயதான ஆள் குரல்.

"அப்பாதான் பேசுறேன் டீச்சர். மக மேரு ரோட்டுல லோரி மோதி போயிட்டா. அவ கிளாஸ்ல பேசுன வீடியோ அது. அவ பாஸ்வேர்ட் போட்டுத்தான் பாக்குறேன்."

அழைப்பை வைத்ததும் அறிக்கையை மறுபடி திறந்து பார்த்தேன். இங்கே நம் பெண்களுக்கு முதலில் தன் பெயர், நடுவில் மலாய் மொழியில் மகள் என்பதற்கு ஏ/பி, கடைசியில் அப்பா பெயர். அறிக்கைத் திரை கடைசிப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மகளை விழுங்கிவிட்டிருந்தது. நான் பார்த்துவந்த பெயர், உண்மையிலேயே உள்ளே உட்கார்ந்திருந்தவர் பெயர். அதன் பிறகு அந்தத் திரையைத் திறக்கவே பயமாக இருந்தது.

மனசு கேட்காமல் குழுவில் சொன்னேன். பாடத்தை விட்டுவைப்பார்கள் என்று ஒரு நப்பாசை.

"பாவம்தான். ஆனா டேட்டா டேட்டாதான் லா," என்றார் தலைவர். பாடம் போயிற்று. இறந்தவள் கணக்கு ஏன் இன்னும் திறந்திருக்கிறது என்று அதையும் மூடச் சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா நான்!

மகளின் பேச்சாவது மிஞ்சட்டும் என்று அந்தக் காணொளியைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பண்டமாரானில் அந்த அப்பாவின் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், வேலைச் சட்டையோடு வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கணக்கை மூடப்போவதையும் சொன்னேன்.

"ரொம்ப நன்றி டீச்சர். ஆனா பாஸ்வேர்ட் போட்டு உள்ள போனதும் ஸ்கிரீன்ல வெல்கம்னு அவ பேர போட்டுக் கூப்பிடும் பாருங்க, அது இதுல வருமா?"

வராது என்று தலையை ஆட்டினேன்.

"வீட்டுல இப்ப யாரும் அவ பேர சொல்றதில்ல," என்றார்.