வெளித் தாழ்ப்பாள்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு உடனே இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் நான் தூக்கிய பெட்டியும் நான் துவைத்த அழுக்குச் சட்டையும் இருக்கின்றன. "உங்க வீட்டுக்காரருக்குப் பெரிய மனசுங்க" என்பார்கள். ஆமாம், மனசு பெரிசுதான். முழங்கால்தான் போய்விட்டது.

அவர் தச்சர். மேசை நாற்காலி செய்கிறவர் இல்லை, கதவு போடுகிறவர். மீசை முளைக்காத வயதில் ஒரு பட்டறையில் சேர்ந்தார், தலை நரைத்த பிறகு அதே பட்டறையிலிருந்து வெளியே வந்தார். நடுவில் செய்ததெல்லாம் நிலை நிறுத்துவது, கதவு தொங்கவிடுவது, கீல் முடுக்குவது, தாழ்ப்பாள் வைப்பது. "கதவுன்னா ஒத்தை விரலால தள்ளணும், அது பாட்டுக்குப் போய் உட்காரணும்" என்பார். ஊரில் அவர் போட்ட கதவெல்லாம் அப்படித்தான் போய் உட்காரும். எங்கள் அடுப்படி அலமாரிக் கதவு மட்டும் வருஷக்கணக்காக ஒற்றைக் கீலில் தொங்குகிறது. கேட்டால் "நாளைக்கு" என்பார். அந்த நாளை இன்னும் விடியவில்லை.

பட்டறையை விட்டு வந்ததும் மனிதர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழைய முதலாளிதான் ஒரு சேதி சொன்னார். வெளிநாட்டில் ஒரு இடத்தில் ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு வீடு கட்டுகிறார்களாம், கதவு ஜன்னல் வேலை தெரிந்த ஆள் வேண்டுமாம், சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் சாப்பாடும் உண்டு. எங்கள் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அப்பாவுக்கு ஓசியில விமானம் ஏறணும். சேவையாவது கீவையாவது!" அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. முதல் தடவை போய் வந்தவர் விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றித்தான் ஒரு மாதம் பேசினார். இரண்டாம் தடவை போய் வந்தபோது சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. சும்மா உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன என்று கேட்டால், "சின்னச் சின்னப் பிள்ளைங்க, யாருமே இல்லாம" என்று நிறுத்திக்கொள்வார்.

மூன்றாவது தடவை கிளம்பியபோது முழங்காலுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நான் விடவில்லை. "நானும் வர்றேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடவா தெரியாது எனக்கு?" என்றேன். வாயைக் கொடுத்து நானே மாட்டிக்கொண்டேன்.

பெட்டி கட்டும்போதே சண்டை. என் துணிமணியில் பாதியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தாழ்ப்பாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். துருப்பிடிக்காத, முகம் தெரிகிற மாதிரி பளபளப்பான தாழ்ப்பாள்கள். பழைய பட்டறையில் சொல்லி வாங்கியவை.

"அங்க தாழ்ப்பாளே கிடைக்காதாங்க?"

"பிளான்ல ரூம் கதவுக்கு உள்பக்கம் மட்டும்தான் போட்டிருக்கான். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத கதவெல்லாம் ஒரு கதவா? வெளிய போகும்போது காத்துல அடிச்சுக்கிட்டே கிடக்கும். நம்ம செலவுல நம்ம போட்டுக் கொடுப்போம், என்ன குறைஞ்சிடப் போறோம்?"

குறைந்தது என்னவோ என் துணிதான்.

அங்கே போய்ச் சேர்ந்தால் கண்ணுக்கு எட்டிய வரை மண், ஜல்லி, கம்பி. ஒரு முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஏழெட்டுப் பிள்ளைகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவர் கதவு மாட்டிய கையோடு முதல் வீட்டுக்கு ஆட்களும் குடிவந்துவிட்டார்கள். மற்ற வீடுகளின் பிள்ளைகள் ஒரு பழைய குடோனில் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் நம் பேச்சுப் பேசுகிற குடும்பங்கள் நிறைய, முன்னொரு காலத்தில் பிழைக்க வந்தவர்கள். அதனால் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை.

வேலைக்கும் குறைவில்லை. எங்களோடு வந்த இளவட்டங்கள் நாலு செங்கல் தூக்கினால் நாற்பது போட்டோ எடுத்தார்கள், பாட்டு வேறு. நான் சுவரில் குண்டு குழி அடைத்துப் பட்டி பார்த்தேன், பிறகு பெயின்ட் அடித்தேன். மத்தியானத்துக்கு மேல் கை தோளுக்கு மேலே எழும்பாது. இவரோ ஒரு காலை நீட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்து இழைப்பார். சாயங்காலம் ஆனால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஒருத்தரை ஒருத்தர் திட்டக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவர்.

"யாருங்க நம்மளை வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டா?" என்பேன்.

"யாரும் கூப்பிடலை" என்பார். அதற்கு மேல் பதில் சொல்ல அவருக்கும் முடியாது.

முதல் வீட்டின் அம்மாவைப் பிள்ளைகள் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். புருஷனை இழந்தவள், ஒல்லியான உடம்பு, விடாமல் வேலை செய்கிற கை. என்னை அண்ணி என்றும் இவரை அண்ணே என்றும் முறை வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு தலைவலி. அக்கா தங்கை இரண்டு பேர். பெரியவளுக்கு ஒன்பது வயது இருக்கும், சின்னவளுக்கு நாலு. பகலெல்லாம் வீட்டுக்குள் இருப்பார்கள், சாப்பிடுவார்கள், பாத்திரம்கூடக் கழுவிக் கொடுப்பார்கள். வெளிச்சம் மங்கினதும் பெரியவள் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். மணல் குவியல் பக்கத்தில் சிமென்ட் மூட்டைக்கு ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் படுக்கை. தூங்கினபின் தூக்கி வந்து ரூமில் போட்டால், முழித்ததும் அப்படி ஒரு கத்தல், ஈரக்குலை நடுங்கும்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பெயின்ட் வாசனை ஆகவில்லை என்றார் ஒருத்தர். பேய் பயம் என்றார் இன்னொருத்தர். இளவட்டங்கள் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை வாங்கி வந்து ரூமில் வைத்தார்கள். அது பாட்டுக்கு ராத்திரி தனியாக அங்கே தூங்கியது.

கட்டுமானத்தையும் பிள்ளைகளையும் பார்வையிட வருகிற ஆபீஸர் அம்மா ஒருநாள் பெரியம்மாவை நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். "கொட்டகையில படுத்து ஏதாவது ஒண்ணு கடிச்சு வெச்சா யாரு பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். அப்பவும் வெளியதான் படுக்கும்னா பெரியவளை டவுன் விடுதிக்கு மாத்திடுறேன். அங்க கேட் இருக்கு, வாட்ச்மேன் இருக்கார். சின்னது இங்கயே இருக்கட்டும்."

"ரெண்டையும் பிரிச்சா செத்துப்போயிடுங்கம்மா" என்றாள் பெரியம்மா.

"எனக்கு மட்டும் ஆசையா? ஒரு ரூமுக்குள்ள படுக்க வைங்க, நான் ஏன் பிரிக்கிறேன்" என்றார் அவர். அந்த அம்மா முகத்திலும் தூக்கம் இல்லாத களைப்புதான்.

புதன்கிழமை அந்த ரூம் கதவுக்கு நான் இரண்டாம் கோட் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பெரியவள் சுவரோரமாக நின்று பார்த்தாள். அதுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. "என்ன பாப்பா, நீயும் அடிக்கிறியா?" என்று பிரஷ்ஷை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கதவின் வெளிப்பக்கத்தைக் காட்டினாள்.

"இது யாருக்கு?"

"எது, தாழ்ப்பாளா? வெளிய போகும்போது சாத்திட்டுப் போறதுக்கு."

"நாங்க உள்ள இருக்கும்போது?"

பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய்விட்டாள்.

பெரியம்மாவிடம் ஓடினேன். நான் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி, எனக்கு உறைக்கவே இல்லையே! இதுங்களை வெச்சிருந்த மாமன்காரன் காலையில ரூம்ல விட்டு வெளியில தாழ்ப்பாளைப் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவான். சில நாள் திரும்பியே வரமாட்டான். அக்கம்பக்கத்துல சின்னது அழுகிற சத்தம் கேட்டுத்தான் கதவைத் திறந்திருக்காங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். பிளானில் இல்லாததைப் பெட்டியில் சுமந்து வந்து, அத்தனை வீட்டு ரூம் கதவிலும் ஆசை ஆசையாக முடுக்கி வைத்திருந்தார் இவர்.

போய்ச் சொன்னேன். முதலில் கோபம் வந்தது. "நான் போட்ட தாழ்ப்பாள் என்ன பண்ணுச்சு? எவனோ பண்ணினதுக்கு என் கதவா கிடைச்சுது?" என்று உளியைத் தூக்கிப் போட்டார். பிறகு முகம் சிறுத்துப்போய், போட்ட உளியைத் தானே எடுத்து வைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்க்ரூ டிரைவர் எங்க?" என்று கேட்டார்.

அன்றைக்கும் மறுநாளும் வீடு வீடாகப் போய்க் கழற்றினோம். இவர் கதவு போட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன், பிடுங்கிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு திருகாணியும் சண்டை போட்டுத்தான் வெளியே வந்தது, அவ்வளவு நன்றாக முடுக்கியிருந்தார். ஓட்டைகளில் நான் பட்டி வைத்து அடைத்தேன். மேஸ்திரி வந்து, "ஏன் பெரியவரே, நல்லா இருக்கிறதைப் பிடுங்குறீங்க? வேலை கெட்டுப் போச்சா?" என்று கிண்டல் செய்தார். "வேலை நல்லாத்தான் இருக்கு. அதான் பிடுங்குறேன்" என்றார் இவர். மேஸ்திரிக்குப் புரியவில்லை, தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

கழற்றிவிட்டால் ஓடி வந்து படுத்துக்கொள்வாள் என்று நினைத்தால் நம்மைப் போல் ஏமாளி கிடையாது. வியாழக்கிழமையும் கொட்டகைதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியவள் தானாக வந்தாள். பட்டி வைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு இவரிடம், "தாத்தா, நீங்க உள்ள போங்க" என்றாள்.

இவர் உள்ளே போனார். அவள் கதவைச் சாத்தி, வெளிக் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "திறங்க." இவர் உள்ளேயிருந்து இழுத்தார், கதவு அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திறந்தது. "இன்னொரு தடவை." மறுபடியும் உள்ளே, மறுபடியும் வெளியே. எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்! நடக்கவே முனகுகிற மனிதர், ஒரு தடவைகூட "போதும்" என்று சொல்லவில்லை. கடைசியில் அவள் உள்ளே போனாள், இவரை வெளியே நிற்கச் சொன்னாள். தானே சாத்தினாள், தானே திறந்தாள். அப்புறம் உள்பக்கத்துத் தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தாள். எட்டவில்லை.

"இதைக் கீழ வைங்க."

பெரியம்மா பதறிவிட்டாள். "அண்ணே, வேண்டாம்! பிள்ளைங்க உள்ள போட்டுக்கிட்டு, தீ கீ பிடிச்சா நான் எப்படித் திறப்பேன்?" அவள் சொன்னதும் நியாயம்தானே. இவர் யோசித்தார். பிறகு தாழ்ப்பாளைக் கழற்றி, அவள் நெஞ்சு உயரத்துக்கு வைத்து முடுக்கினார். திருகாணி பெட்டியில் இருப்பதிலேயே குட்டையானதாகத் தேடி எடுத்தார். வேலை முடிந்ததும் பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "தோளால ஒரு இடி இடிச்சா பேர்ந்து வந்துடும். அவசரத்துக்கு மட்டும். இதை அவகிட்டச் சொல்லாதம்மா" என்றார். ஆயுசில் ஆடாத தாழ்ப்பாள் போட்டுப் பேர் வாங்கினவர், அன்றைக்குத்தான் ஒரு உருப்படாத தாழ்ப்பாள் போட்டார்.

சாயங்காலம் வெளிச்சம் மங்கியது. நாங்கள் மூன்று பேரும் ஒரு வேலையும் ஓடாமல் நின்றோம். பெரியவள் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். கிழிந்தது போ என்று நினைத்தேன். அவள் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், திரும்பினாள், ரூமுக்குள் போனாள். கதவு போய் உட்கார்ந்தது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அதற்குப் பின்னால்தான் ஆபீஸர் அம்மா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ரூமுக்குப் போய்க் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து.

அந்த அம்மாவை அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. "நான்தாம்மா, ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன். கதவைத் திற" என்றார்.

"தங்கச்சி தூங்குது. நாளைக்கு வாங்க."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "நான் பார்க்காம எப்படி எழுத முடியும்? வெளியிலேர்ந்து திறக்க வழி இருக்கா?"

பெரியம்மா இவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு இடி போதும். தொழிலில் பொய் பேசத் தெரியாத மனிதர், ஏதாவது உளறிவைக்கப் போகிறாரே என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இல்லீங்கம்மா. அவ திறந்தாத்தான் உண்டு" என்றார்.

ஆபீஸர் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவுக்கு இன்னும் பக்கத்தில் போய்க் குரலைத் தணித்தார். "சரிம்மா. அப்ப காலையில வரட்டுமா?"

உள்ளே யோசனை நடந்தது.

"வாங்க. தட்டிட்டு வாங்க."

"தட்டிட்டே வர்றேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்த அம்மா வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.