கல்லுக்குக் கீழே ஒரு பேர்

கல் விற்கிறேன் என்றால் ஜல்லி லாரி எப்போது வரும் என்று கேட்கிற ஊரில், பள்ளி ஆய்வகங்களுக்குக் கனிமப் பெட்டி விற்றவன் நான். பெட்டிக்கு இருபது குழி, குழிக்கு ஒரு கல், கல்லுக்குக் கீழே அதன் பேர். என்னைப் போலப் பை தூக்கிப் படியேறி விற்றுப் பிழைத்த உங்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

கிணற்றுக் கல்

நெருப்பெரிச்சல் ஊர்ப் பள்ளியில் ஒரு தலைமையாசிரியர் பெட்டியைத் திறந்ததும் பையோடைட்டைத்தான் எடுத்தார். கறுப்பு அப்பிரகம், இந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் மின்னும். ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியின் நினைவாக வைத்த பேர் என்றேன். மனிதருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, கெணறு வெட்டுனது எங்கப்பாருங்க. கல்லுக்குப் பேரு மட்டும் வெள்ளக்காரனுதுங்களா?"

கவிதாவும் ஜெனிபரும்

வேலம்பாளையத்துப் பள்ளியில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஆறாம் வகுப்புக்குக் கொஞ்சம் கதையும் சொன்னேன். கனிமங்களுக்கு மனிதர் பேர் வைப்பதுண்டு, ஆனால் கண்டுபிடித்தவர் தன் பேரைத் தானே வைத்துக்கொள்வது வழக்கமில்லை என்றேன். முதல் பெஞ்சிலிருந்து ஜெனிபர் என்ற பிள்ளை எழுந்தாள். பனியன் கம்பெனி வேலைக்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பக்கத்திலிருந்த தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்போ நான் கண்டுபிடிச்சா கவிதா என் பேர வைப்பா சார். அவ கண்டுபிடிச்சா நான் அவ பேர வைப்பேன்."

புதுக்கல்

ஆறு மாதம் கழித்து ஜெனிபரின் அப்பா அந்தோணி என்னைத் தேடி வந்தார். கம்பெனியில் டெய்லர். கட்டிங் வேஸ்ட் துணியில் ஒரு கல்லைச் சுற்றி வைத்திருந்தார். மூளைக் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டாள் என்றார். வீட்டருகே அஸ்திவாரம் தோண்டிய மண்ணில் அவள் எடுத்த கல்லாம். புதுக்கல் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

பார்த்ததுமே தெரிந்தது, பையோடைட். சொல்ல வாய் வரவில்லை. சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொய் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எடுத்தவ பேர வைக்க மாட்டாவளாமே. எடுத்தது நான்னு எழுதிக்கிடுங்க அண்ணாச்சி, அவ பேர வச்சிரலாம்லா?"

ஸ்டிக்கர்

நான்கு ஞாயிறு, கோயில் பூசை முடிந்து நேராக வந்து நின்றார். நான்காவது வாரம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் அவரை அலைக்கழித்தது வெட்கமாக இருந்தது. நான் திருப்பிக் கொடுத்த கல்லை அவர் மறுபடி துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முறையான மாதிரிக் கல் என்றால், கனிமத்தின் பேருக்குக் கீழே அதை எடுத்தவர் பேரும் இடமும் எழுத வேண்டும். மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிற நான் அந்த வரியை ஒருநாளும் எழுதியதில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு அவள் பள்ளிக்குப் போனேன். பெட்டியிலிருந்த என் பையோடைட்டை எடுத்துவிட்டு, அவள் கல்லை வைத்து, கீழே எழுதி ஒட்டினேன்: 'பையோடைட். கண்டெடுத்தவர்: ஜெனிபர், ஆறாம் வகுப்பு, வேலம்பாளையம்.'

அந்தோணி அந்தச் சீட்டின் ஓரங்களை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பனியன் கம்பெனியில், தைத்த டெய்லரின் நம்பர் ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்ட பிறகுதான் துணியைப் பெட்டியில் அடுக்குவார்கள். "இத யாரும் பிச்சிர மாட்டாவல்லா, அண்ணாச்சி?"

இத்தனை வருஷத் தொழிலில் யாரும் கேட்காமலே நான் மாற்றிக் கொடுத்த கல் அது ஒன்றுதான். அதைப் பார்த்து, கல் எங்கள் கிணற்றுக் கல், பேர் மட்டும் வெள்ளைக்காரனுடையதா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.