கல்லுக்கிடங்கின் விளிம்பு

1. சிவப்புக் கொடி

காங்கேசன்துறையில் நிலத்தைக் கிண்டிக் கல் எடுக்கும் கல்லுக்கிடங்கில் வேலைக்குப் போன முதல் நாள் ஓவசியர் என் கையில் ஒரு சிவப்புக் கொடியைத் தந்தார். கிடங்கில் வெடி வைக்கும்போது றோட்டை மறிப்பதுதான் வேலை.

"பொம்பிளை மறிச்சா ஆர் நிப்பினம்?" என்று ஒரு லொறிக்காரர் சிரித்தார்.

"போய்ப் பாருங்கோ அண்ணை. நான் மறிக்காட்டிக் கல்லு வந்து மறிக்கும்" என்றேன். நின்றார்.

"சத்தம் பெரிசாய் இருக்கவேணும் பிள்ளை" என்றார் ஓவசியர். என் சத்தம் பெரிது. நான் நின்ற காலத்தில் என் கொடியைத் தாண்டி ஒருவரும் போனதில்லை. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

அங்கே கிண்டிய சுண்ணக்கல்தான் சீமெந்து ஆனது. பிறகு சண்டை வந்தது. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, ஊரே வெளிக்கிட்டுப் போனது. என்னோடு கிடங்கில் நின்றவர்களில் திரும்பி வந்தது நான் மட்டும். வந்து பார்த்தால் கிடங்கு நிறையப் பச்சைத் தண்ணீர்.

2. படம் எடுக்க வந்தவர்கள்

இப்போது ரயிலில் ஆட்கள் வருகிறார்கள். கடலைப் பார்த்து, கீரிமலையில் குளித்து, கடைசியாகக் கிடங்குக்கு வருவார்கள். அவர்களை விளிம்புக்குப் போகவிடாமல் பார்க்க என்னைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. அதில் உள்ளதை நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆட்கள் குறைந்த கிழமை நாட்களில் நானும் பலகையும்தான்.

ஒரு புதன்கிழமை கொக்குவிலிலிருந்து புதுச்சோடி ஒன்று வந்தது. பெடியன் போனைப் பிடித்தான். பெண்பிள்ளை, "இன்னும் கொஞ்சம் பின்னாலையோ?" என்று கேட்டுக் கேட்டுப் பின்பக்கமாக விளிம்புக்கு நடந்தாள். அந்த இடத்தில் கீழே கல் எடுத்தாயிற்று. மேல் தட்டு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"நில்லு!" என்று அந்த நாளில் றோட்டில் கத்தினதுபோலக் கத்தினேன்.

அவள் திடுக்கிட்டு இன்னும் ஓரடி பின்னுக்கு வைத்தாள். பிழை என்னுடையது. முன்னுக்கு வருகிற லொறியைச் சத்தம் நிறுத்தும். பின்னுக்குப் போகிற ஆளைத் தள்ளிவிடும்.

"ஏன் ஆச்சி கத்திறியள்? பலகை எங்களுக்கும் வாசிக்கத் தெரியும்" என்றான் அவன்.

குரலைத் தாழ்த்தினேன். "பிள்ளை, அதிலை முகத்துக்கு வெளிச்சம் காணாது. என்னட்டை வாங்கோ. இஞ்சை நிண்டா முழுத் தண்ணியும் படத்திலை வரும்."

"மெய்யோ ஆச்சி?"

"ஓம், வாங்கோ."

வந்தாள். அவள் கையைப் பிடித்த பிறகுதான் மூச்சு விட்டேன். ஒரு கல்லை எடுத்து அவள் நின்ற இடத்தில் போட்டேன். வெறும் பானையில் தட்டினதுபோல் கேட்டது. பெடியன் போனைப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

"உதுக்குக் கீழை ஒண்டுமில்லையோ?"

"இல்லை ராசா. நாங்கள்தானே எடுத்தனாங்கள்."

"நீங்களும் வாங்கோ ஆச்சி, ஒரு படம் எடுப்பம்" என்றாள் பெண்பிள்ளை.

"வேலை நேரம்" என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அவள் கையை உடனே விடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போகாதே என்று கத்தாதீர்கள். நிற்க நல்ல இடம் ஒன்றைக் காட்டுங்கள், வருவார்கள். வந்து படம் எடுத்து, ரயிலுக்கு நேரமாச்சு என்று போய்விடுவார்கள். அதற்கும் பழகிக்கொள்ள வேண்டும்.