ஆமத்தூர் வீட்டின் பின்வாசல்

உறையூரில் என் மாமனார் விட்டுப்போன வீடு ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இப்போது அதில் குடியிருப்பது எலிகளும், சுவர் விரிசலில் முளைத்த ஓர் அரசங்கன்றும்தான். இப்படிக் கிடக்கும் வீடுகளை அரசுப் பணத்தில் பழுதுபார்த்து, வீடில்லாத குடும்பங்களுக்குப் பத்து வருடம் குறைந்த வாடகைக்கு விடும் திட்டம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். விருதுநகர்ப் பக்கம் சில வீடுகள் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போடுமுன் ஒரு வீட்டையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று போன ஆடி மாதம் கிளம்பினேன். என்னைப் போல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்காக இந்தப் பதிவு.

திருச்சியிலிருந்து ரயில். விருதுநகரில் இறங்கியபோது காலை பத்தரை. திட்ட அலுவலகம் சூலக்கரையில் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர். நூற்றைம்பது கேட்ட ஆட்டோக்காரர் நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார். அதற்கு ஈடாக என் கதை முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"வீடு கேக்க வந்தீகளா, குடுக்க வந்தீகளா?"

"குடுக்கலாமான்னு பாக்க வந்தேன்."

"கேக்க வாரவுகளத்தான் தெனமும் ஏத்திட்டுப் போறேன். குடுக்க வந்தவுகன்னா நூறே குடுங்க."

மறுத்து நூற்றிருபதே கொடுத்தேன். அதை அவர் மறுக்கவில்லை.

அலுவலகத்தில் கவிதா என்ற இளம் இன்ஜினியர் என்னிடம், "இன்னைக்கு ஆமத்தூர்ல ஒரு வீட்டுக்குச் சாவி குடுக்கோம். அங்கனயே வந்துருங்க" என்றார். விருதுநகர் திரும்பி, சிவகாசி சாலையில் டவுன் பஸ் பிடித்தால் ஆமத்தூர் பத்து கிலோமீட்டர்தான். பெண்களுக்குக் கட்டணமில்லை. வழியெல்லாம் வெட்ட வெளி, கருவேலம், அட்டைப்பெட்டி லோடு ஏற்றிய லாரிகள். தீபாவளிச் சீசன் சூடு பிடித்திருந்தது.

வீடு அழகாக இருந்தது. புது ஓடு, புது வயரிங், அடுப்படியில் கறுப்புக் கிரானைட் மேடை. வீட்டுக்காரரும் வந்திருந்தார். சிவகாசியில் அச்சகம் வைத்துப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் குடும்பம் சிவகாசிக்குப் போனதிலிருந்து இந்த வீடு பூட்டித்தான் கிடந்ததாம். பின்வாசலை அடைத்துக் கட்டியிருந்த குளியலறையைப் பெருமையாகக் காட்டினார்.

"இது நாஞ் சொல்லிச் செஞ்சது. பத்து வருசங் கழிச்சு வீடு எங்கிட்டதான வரப்போவுது? அப்ப எம்மவன் கொல்லைப்பக்கம் நடப்பானா?"

நல்ல யோசனை என்று தோன்றியது. உறையூர் வீட்டுக்கும் இதையே கேட்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சாவி வாங்க வந்தவர் பேச்சியம்மாள். நாற்பது வயதிருக்கும். அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை. சீசன் நேரத்தில் அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தார். அவரும் தங்கையும் இருக்கும் தகரக் கொட்டகையை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அன்று மாலைக்குள் சாவி வாங்காவிட்டால் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

அவர் உள்ளே சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடிக் காற்றில் முன்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பேச்சியம்மாள் ஓடிப்போய்த் தோளால் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. மறுபடி முழு பலத்தோடு தள்ளினார்.

"இழுங்கக்கா, உள்பக்கமாத் தொறக்கும்" என்று சிரித்தார் கவிதா.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. கதவை இழுத்துத் திறந்தார். பிறகு, "பின்வாசல் எங்கன இருக்கு?" என்று கேட்டார். அடைத்துவிட்டோம் என்று கவிதா சொன்னதும், கையிலிருந்த சாவியைக் கிரானைட் மேடையில் வைத்தார்.

"அப்ப வேண்டாம் மேடம்."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. வாஸ்து பார்க்கிறார் போல என்றும் நினைத்தேன்.

"எங்க கம்பெனி ரூமுல எதிரெதிராத்தான் வாசல் இருக்கும். கதவு பூராம் வெளிய தொறக்கும். தள்ளுனா ஓடிறலாம்" என்றார் பேச்சியம்மாள். "எந்தங்கச்சி இருந்த ரூமுல ஒரு வாசல்ல பெட்டிய அடுக்கி வச்சிட்டாக. தீப்புடிச்சப்ப இவ அடுத்த வாசல் வழியா வந்துட்டா. பெட்டி கிட்ட நின்ன புள்ள வரல. அன்னையிலருந்து இவ வீட்டுக்குள்ள படுக்கறதில்ல, வாசப்படியிலதான். ஒத்த வாசல் வீட்டுக்குள்ள அவள எப்படிக் கூட்டியாருவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

கவிதா வெளியே போய் மேலதிகாரியிடம் போனில் பேசிவிட்டு வந்தார். "அடுத்த குடும்பத்துக்குக் குடுத்துரச் சொல்றாக" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா வேல முடிஞ்ச வீட்டத்தான் குடுக்க முடியும். வேல பாக்கின்னு நான் எழுதிருதேன். அடுப்படி மேடைய எடுத்துட்டுச் சுவர ஒடச்சாப் பின்னால ஒரு கதவு வைக்கலாம். வீட்டுக்காரர் சம்மதிக்கணும்."

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம்.

"கிரானைட்டு போட்டு ரெண்டு வாரம்கூட ஆவல" என்றார் அவர். தான் அடிக்கும் லேபிள் எந்தப் பெட்டியில் ஒட்டப்படுகிறது, அந்தப் பெட்டி எந்த வாசலில் அடுக்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. அடுப்படிக்குள் போய்ச் சுவரை உள்ளங்கையால் தட்டினார்.

"இங்கன வைங்க. கதவு வெளியதான் தொறக்கணும். முன்கதவயும் அப்படியே மாத்திருங்க, தாயி."

பேச்சியம்மாள் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "கதவு வச்ச பெறகு சாவி வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, மத்தியான வேலைக்குக் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வெயில் கடுமை, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மாலையில் விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் ரயில் ஏறாதீர்கள், மருத்துவர் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். வீடு கொடுக்கப் போகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று: அரசு செலவு செய்கிறதே, நமக்கு எது லாபம் என்று கணக்குப் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பணம் வந்தது அங்கே படுத்து உறங்கப் போகிறவர்களுக்காக. சுவரில் கை வைக்குமுன் அவர்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். உறையூர் வீட்டுக்கு நான் வைத்த ஒரே நிபந்தனை அதுதான்.

ஆவணியில் பேச்சியம்மாளுக்குப் போன் செய்தேன். குடிவந்து ஒரு வாரமாம்.

"ரெண்டு கதவயும் ஒருக்காத் தள்ளிப் பாத்துட்டுத்தான் படுக்கேன்" என்றார்.

"தங்கச்சி எங்க படுக்குது?"

"உள்ளதாங்க்கா."