மாமா வாங்கிய ஒற்றை வெடித் துவக்கு

போன கிழமை என் மகள் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, இரண்டு வேட்டைத் துவக்குகளின் படங்களைக் காட்டி, "அம்மா, மலைக்குக் கொண்டுபோக எது நல்லம்?" என்று கேட்டாள். சப்பாத்து வாங்கும்போதும் அவள் இப்படித்தான் கேட்பாள். காட்டியல் படிக்கிறவள். வேட்டைப் பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள். இந்த நாட்டில் அது சட்டப்படி ஒழுங்காக நடக்கிற காரியம். எல்லாம் தெரிந்தும் நான் கைத்தொலைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். பாரமான துவக்கு ஆடாமல் நிற்கும், இலேசானது தோளை உதைக்கும் என்று அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். அது எனக்கு முன்பே தெரியும். பதினொரு வயதில் நான் ஒரு துவக்குக் கடையில் மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் ஜேர்மன் நாட்டின் தெற்கே, அல்கொய் மலையடிவாரத்தில், அகதிகளுக்குக் கொடுத்த கட்டடம் ஒன்றில் இருந்தோம். ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்களை அகதியாக ஏற்கக் கேட்ட அசூல் வழக்கு முடியாமல் இழுபட்டது. கதவு தட்டப்பட்டால் அம்மா முதலில் யன்னலால் எட்டிப் பார்ப்பா. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களுக்கு முன்பே வந்து விசா கிடைத்து, பக்கத்து ஊர்ச் சாப்பாட்டு விடுதியின் குசினியில் வேலை செய்தார். விடுதி முதலாளி வேட்டைக்காரர். சுட்ட மலையாட்டைச் சுமந்து இறக்க ஒருநாள் மாமாவைக் கூட்டிப்போனார். அதோடு மாமாவுக்கு மலைப் பைத்தியம் பிடித்தது. ஒரு குளிர்காலம் முழுக்க வகுப்புக்குப் போய், மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லப் படித்து, எவருக்கும் சொல்லாமல் பரீட்சையில் தேறி, துவக்கு வாங்குகிற பத்திரத்தையும் எடுத்துவிட்டார்.

எவருக்கும் சொல்லாத விஷயம் எங்கள் சனத்துக்குள் எப்படிப் பரவும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமைகளில் தமிழ் வீடுகளுக்கு இயக்கத்து அண்ணைமார் இரண்டு பேர் வருவார்கள். நாட்டுக்காகச் சேர்க்கிறோம் என்பார்கள். எதைச் சேர்த்து எங்கே அனுப்புகிறார்கள் என்று எவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அப்படி ஒரு சனிக்கிழமை வந்தபோது, தோல் ஜாக்கெட் போட்ட உயரமானவர் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"அக்கா, உங்கடை தம்பிக்குத் துவக்கு வாங்க ஏலுமாம் எண்டு கேள்விப்பட்டம். எங்கடை ஆக்களிலை ஆருக்கு அப்பிடிக் குடுத்திருக்கிறாங்கள்? நல்ல விஷயம். ஒருக்கா அவரோடை ஆறுதலாக் கதைக்க வேணும்."

"அவன் விசரன். ஆடு சுமக்கப் போறவன்," என்றா அம்மா. தேத்தண்ணிக் கோப்பையை அவருக்குக் கிட்டத் தள்ளிவைத்தா.

அவர்கள் போனதும் அம்மா மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தா. "அவையளுக்கும் உனக்கும் என்ன? இப்பவே சொல்லிப்போடு." மாமா, "ஆர் வந்தது? என்ன கேட்டவை?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான், "ஒண்டுமில்லை அக்கா" என்றாராம். அந்தக் கேள்விதான் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் ஒருவன் துவக்கு வாங்கி அது வேறு கைக்குப் போனால், எங்கள் வழக்கு அன்றைக்கே முடிந்து, எல்லோரையும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அம்மாவின் கணக்கு இதுதான். அதில் பிழையும் இல்லை.

அடுத்த ஞாயிறு மாமா எங்கள் வீட்டுக்கு வந்து செய்த வேலை நிலைமையை மோசமாக்கியது. வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து அதில் அரிசிப் பை ஒன்றைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி இறங்கினார். பிறகு இன்னொரு பையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு திரும்ப ஏறினார். எவ்வளவு பாரத்தோடு மலை ஏறலாம் என்று பார்க்கிறாராம்.

"பாத்தீங்களே? றெயினிங் எடுக்கிறான்," என்றா அம்மா யன்னலில் நின்றபடி.

"தும்புத்தடியோடை ஆரப்பா றெயினிங் எடுக்கிறது?" என்றார் அப்பா.

"அங்கை இயக்கத்திலையும் முதல்லை தடியைத்தான் குடுக்கிறவங்களாம்."

அப்பாவும் எழுந்து யன்னலுக்கு வந்தார்.

துவக்குக் கடைக்குத் தன்னோடு வரச்சொல்லி மாமா என்னைக் கேட்டார். அந்தக் கடைக்காரரின் மலைநாட்டு ஜேர்மன் அவருக்குப் பிடிபடாது, எனக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கம். அம்மா மறுப்பா என்று நினைத்தேன். மறுக்கவில்லை. என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே, "என்ன கேக்கிறான், எதைத் தொடுறான், எல்லாத்தையும் பாத்து வந்து சொல்லு பிள்ளை" என்றா. மாமாவின் கூலியில்லாத மொழிபெயர்ப்பாளர், அம்மாவின் கூலியில்லாத உளவாளி என்று இரண்டு உத்தியோகங்களோடு நான் புறப்பட்டேன்.

கடைச் சுவர் முழுக்க மான் கொம்புகள். கடைக்காரர் ஒரு துவக்கைக் கொண்டுவந்து நீட்டினார். மரப்பிடி மெலிதாகச் செதுக்கியது, குழல் கட்டையானது, அடுத்தடுத்துச் சுட உள்ளே நாலைந்து ரவை நிற்கும். இலேசானது உதைக்குமே என்று மாமா என்னைக் கேட்கச் சொன்னார். கடைக்காரர் சிரித்தார். மலையில் நாள் முழுக்கச் சுமக்கிறாய், சுடுவது ஒரு தரம், உதையை யோசிக்காதே, உன் முழங்காலை யோசி என்றார். மாமா வகுப்பில் படிப்பித்தபடி உள்ளே ரவை இல்லை என்று பார்த்துவிட்டு, முதுகுப் பையை நிலத்தில் போட்டு, படுத்து, துவக்கை அதன்மேல் தாங்கிப் பார்த்தார். எழுந்து தோளில் மாட்டிக் கடைக்குள் நடந்தார். மாமாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. இதை அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு அவர் அதை மெல்ல மேசையில் வைத்தார்.

"பிள்ளை, ஒரு தரத்துக்கு ஒரு ரவை மட்டும் போடுறது இருக்கோ எண்டு கேள்."

கேட்டேன். கடைக்காரர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். நடுவில் மடித்து, ஒரே ஒரு ரவையைப் போட்டு, மூடிச் சுடவேண்டியது. முந்தியதைவிட இலேசு. பழைய மலைவேட்டைக்காரருக்குப் பிடித்தது, ஆனால் முதல் துவக்காக வாங்குகிறவனுக்கு நான் மற்றதைத்தான் சொல்லுவேன், தவறினால் ஆடு உனக்காகக் காத்து நிற்காது என்றார்.

"ஓம், தெரியும் எண்டு சொல்லு," என்றார் மாமா. ஒற்றை வெடியை வாங்கினார். மற்றது திரும்பச் சுவர்த் தட்டில் ஏறும்வரை அவர் கண் அதிலேயே இருந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அந்த ஒற்றை வெடியை இரண்டாகக் கழற்றி முதுகுப் பைக்குள் வைக்கலாமாம் என்றதும் அம்மா என்னை மறித்தா. "பைக்குள்ளையோ? ஆட்டுக்கு ஒளிச்சு ஆர் துவக்குக் கொண்டு போறது?"

அடுத்த சனிக்கிழமை அந்த இரண்டு பேரும் வந்து இருக்கையில், சொல்லிவைத்ததுபோல மாமாவும் வந்தார். கீழே முதலாளியின் ஜீப் நின்றது, மலைக்குப் போகிற வழியாம். முதுகில் பை.

"தம்பி, வாங்கியாச்சாம்! எங்கை, ஒருக்காக் காட்டுங்கோவன்," என்றார் தோல் ஜாக்கெட்.

மாமா மறுக்கவில்லை. பையைத் திறந்து, இரண்டு துண்டையும் பொருத்தி, மடித்துக் காட்டினார். "ஒண்டுதான் அண்ணை போடலாம். சுட்டிட்டு, திறந்து, வெறுங்கோதை எடுத்துப்போட்டு, அடுத்ததைப் போட வேணும்."

அவர் மாமாவைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார், பிறகு வெடித்துச் சிரித்தார். "அட கோதாரி! ஒண்டைச் சுட்டிட்டு மற்றவனிட்டை, கொஞ்சம் பொறு ராசா, இந்தா போடுறன் எண்டு கெஞ்சிறதோ?" கூட வந்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

"எனக்கு ஆடு போதும் அண்ணை," என்று மாமாவும் அவர்களோடு சேர்ந்து, கொஞ்சம் அசட்டுத்தனமாகச் சிரித்தார். "இதைவிட வேறை எதையும் பிடிக்க எனக்கு ஏலாது."

"சரி சரி, நீர் ஆட்டையே பிடியும்," என்றார் அவர். அதோடு துவக்குக் கதை முடிந்தது. அதன்பிறகும் அவர்கள் பல சனிக்கிழமைகள் வந்தார்கள். மாமாவைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

எனக்கோ அன்றைக்கு அழுகை வந்தது. கடையிலேயே நல்ல துவக்கு இருந்தது, நான் கண்ணால் கண்டேன். அதை விட்டுவிட்டு இப்படி நாலு பேருக்கு முன்னால் சிரிப்புக்கு ஆளாகி, தானும் கூடச் சிரிக்கிற ஒரு மாமா. அவர் அந்தச் சிரிப்பைத்தான் கடையில் வாங்கினார் என்று யோசிக்கிற வயது அப்போது எனக்கு இல்லை.

அம்மா சிரிக்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணித் தட்டோடு வந்தா. வந்திருந்த இரண்டு பேரையும் கடந்துபோய், முதல் கோப்பையை மாமாவின் கையில் கொடுத்தா. தேத்தண்ணி முதலில் விருந்தாளிக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று எனக்குப் படிப்பித்ததே அவதான். அம்மா பதற்றத்தில் மரியாதையை மறந்துபோனா என்று எண்ணி, நான் மற்ற இரண்டு கோப்பைகளையும் அவசரமாக எடுத்து அந்த அண்ணைமாருக்கு நீட்டினேன்.