சீட்டுக்கு அடியில் ஒரு டேங்க்

'கரடி' என்று பேர் வாங்கிய அந்த வெல்டர் பற்ற வைத்தால் இரண்டாய்ப் பிளந்த மலையும் ஒட்டிக்கொள்ளும். சரி, மலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் வைத்த ஒட்டு விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை, தங்கை புருஷன் ஒருவனைத் தவிர.

அவன் ஜீப் ஓட்டுபவன். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியையும் தடுப்பூசிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, பாதையே இல்லாத கல்மேட்டில் தினமும் ஏறி இறங்குவான். பெட்ரோல் டேங்க் இருப்பது சரியாக அவள் உட்காரும் சீட்டுக்கு அடியில். இரண்டு வருடத்துக்கு முன் கரடி ஆசை ஆசையாக ஓர் அலுமினிய டேங்க் செய்து மாட்டினார். மூன்றே மாதத்தில் கசிந்தது. அவன் அதைக் கழற்றிப் பட்டறை வாசலில் விட்டெறிந்துவிட்டு, பழைய இரும்பு டேங்கையே திரும்ப மாட்டிக்கொண்டான். அன்றோடு பேச்சு அறுந்தது. எறிந்ததை எடுத்துக் கரடி சுவரில் தொங்கவிட்டார், பகைக்குத் துரு ஏறிவிடக் கூடாது என்பதுபோல.

இப்போது அந்த இரும்பு டேங்கின் அடி அரித்துச் சல்லடையாகிவிட்டது. தங்கை இருவரையும் பட்டறையில் எதிரெதிரே நிறுத்தினாள்.

"இரும்புலயே புதுசா ஒண்ணு அடிச்சுக் குடுங்க மச்சான். உங்க அலுமினியத்துக்கு ஒரு பெரிய கும்பிடு."

"இரும்பு மறுபடி அரிக்கும் மாப்பிள்ளை, உங்க வாய் மாதிரி."

"உங்க ஒட்டு மூணு மாசம்கூடத் தாங்கல!"

கரடி சுவரிலிருந்து டேங்கை இறக்கி, வெடிப்பின் மேல் விரலை வைத்தார். "கண்ணத் தொறந்து பாருங்க. ஒட்டு அப்படியே இருக்கு. பக்கத்துத் தகடுதான் கிழிஞ்சிருக்கு."

"பெட்ரோலுக்கு அந்த வித்தியாசம் தெரியலையே!"

தங்கை தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேசையில் போட்டாள். "அண்ணே, இத மோந்து பாருங்க. இதோடதான் பச்சப்புள்ளைங்களத் தூக்கறேன்."

அவர் மோந்து பார்த்தார். பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. பற்ற வைத்த சூட்டில் பக்கத்துத் தகடு பலம் இழக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இறுக்கமாக நிற்கட்டும் என்று நடுவில் ரப்பர் வைக்காமல் ஜீப்பின் இரும்புச் சட்டத்தோடு முடுக்கி, குலுக்கல் முழுவதையும் தகட்டின் மேல் விழவிட்டதும் அவர்தான். இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்ற முள் அது.

"பிளாஸ்டிக்," என்றார், துப்புவதுபோல. தன் கைக்கு வேலையே வைக்காத சாமான். "கேன் இல்ல. பெட்ரோலுக்குன்னே அச்சுல வார்த்த தடி டேங்க். அரிக்காது, ஒட்டே கிடையாது, குலுங்கினா வளைஞ்சு குடுக்கும். அடியில கல் படாம இரும்புத் தட்டு நான் போடறேன். நடுவுல ரப்பர். போன தடவை வைக்கல, அது என் தப்பு. உங்களுக்காகச் சொல்லல மாப்பிள்ளை. அந்த சீட்டுல நீங்க உக்காந்திருந்தா நானே தீப்பெட்டிய நீட்டியிருப்பேன்."

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே! ரெண்டு வருஷமா நானும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்னுதானே கத்தறேன்!"

தங்கை கோட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "இல்லைங்க. நீங்க கத்தினது இரும்பு. அஞ்சு நிமிஷம் முன்னாடியும் அதேதான்."